அந்த ஒரு பந்து மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதா?

நேற்று ராத்திரியிலிருந்து அதே வீடியோ. நம் குழுவில் ஆளாளுக்குப் பகிர்ந்து சிரிக்கிறீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் டாலஸ் கௌபாய்ஸ் அணிக்குப் பந்தெறியும் குவார்ட்டர்பேக்காக ஆடி, பிறகு டிவி வர்ணனைக்கு வந்த டோனி ரோமோ கையிலிருந்து பந்து நழுவுகிற சில விநாடிகள், கூடவே "இவரெல்லாம் டிவியில் பாடம் எடுக்க வந்துவிட்டார்" என்று ஒரு வரி.

சரி, அந்தப் பந்தையே பேசுவோம். 2007 ஜனவரி, சியாட்டிலில் ப்ளே ஆஃப், தோற்றால் வெளியே. சியாட்டில் 21, டாலஸ் 20. கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் 19 யார்டு ஃபீல்டு கோல்; உதைப்பவருக்குப் பந்தை நிறுத்திக் கொடுக்க வேண்டியவர் ரோமோ. நழுவியது. அள்ளிக்கொண்டு ஓடினார், கோல் கோட்டுக்கு இரண்டு யார்டு முன்னால் சாய்த்துவிட்டார்கள். நான் மறுக்கவே இல்லை. ஆனால் அதற்கப்புறமும் அவர் ஆடினாரே! அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2003 டிராஃப்டில் ஒரு அணிகூடச் சீந்தாத ஆள், கௌபாய்ஸுக்காக 34,183 யார்டு எறிந்தார், அந்த எறிதல்களில் கோல் கோட்டைத் தாண்டிய டச்டவுன் மட்டும் 248. அதை ஏன் ஒருவரும் பகிரவில்லை?

"சீசன் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தாரா?" என்பீர்கள். இல்லை. 2013இல் டென்வருக்கு எதிராக 506 யார்டு எறிந்த அன்றுகூட 51-48 தோல்வி. கடைசியில் எதிரணி கையில் பந்தை எறிந்து இன்டர்செப்ஷன் கொடுத்ததும் அவர்தான், தெரியும். 51 புள்ளி விட்டுக்கொடுத்த தற்காப்பு ஆட்டக்காரர்களை யாராவது கேட்டீர்களா?

டெக்சஸ் வந்த புதிதில் எனக்கு இந்த ஆட்டம் ஒரு மண்ணும் புரியாது. புரிய வைத்தது சிபிஎஸ் டிவியில் வர்ணனை செய்த ரோமோவின் குரல். 2019 ஜனவரி, கான்சஸ் சிட்டியில் பேட்ரியாட்ஸ் அணியின் ஆட்டம். ஓரத்தில் தனியாக நின்ற பேட்ரியாட்ஸ் வீரர் கிரான்கவுஸ்கியைக் காட்டி, பின்னால் நின்று தடுக்கும் சேஃப்டி முன்னே இறங்கினால் பந்து அங்கேதான் போகும் என்றார். போயிற்று. சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன். களத்தில் அடிபட்டுக் கற்ற கண் அது. இப்போது வளவளவென்று பேசுகிறாராம். பேசட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று, அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்தது. 2016இல் ரோமோ முதுகெலும்பு முறிந்து கிடந்தபோது புதுப்பையன் டாக் பிரெஸ்காட் அவர் இடத்தைப் பிடித்தார். குணமாகி வந்த ரோமோ நவம்பரில் எல்லார் முன்னாலும் நின்று, அந்த இடம் டாக் சம்பாதித்தது என்று எழுதி வைத்து வாசித்தார். தொண்டை அடைக்க அதைக் கேட்டவன் நான். சிரிக்கிறவர்கள் அதையும் ஒரு தடவை பாருங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? ஆபீஸில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நான் தப்பான கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டேன். விடியவிடிய உட்கார்ந்து நானேதான் சரிசெய்தேன். ஐந்து வருஷம் ஆயிற்று. போன வாரம் புதிதாக வந்த பெண்ணிடம் என்னை அறிமுகப்படுத்தியபோதும் அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொன்னார்கள். அவளும் சிரித்தாள்.

அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீர்கள்.