'ஓஃப்' என்று ஏசப்பட்ட பிள்ளைகள்

ஆங்கிலத்தில் 'ஓஃப்' என்றொரு வசைச்சொல் உண்டு. நடக்கும்போது எதையாவது இடித்துத் தள்ளுகிற, கையில் எடுத்ததை நழுவவிடுகிற, புத்தியும் மந்தம் என்று கருதப்படுகிற ஆளை, பெரும்பாலும் வாட்டசாட்டமான ஆணை, அப்படி ஏசுவார்கள். இன்று அது சிரித்துக்கொண்டே சொல்லும் அளவுக்கு லேசாகிவிட்டது. ஆனால் அச்சொல் எங்கிருந்து வந்தது என்று அறிந்தவர்களால் அதை அவ்வளவு எளிதாக ஒருவர்மீது வீச முடியாது என்றே நான் கருதுகிறேன்.

இதன் வேர், ஸ்காண்டிநேவியாவில் முன்பு பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியின் 'ஆல்ஃப்ர்'. குட்டித் தேவதையைக் குறிக்கும் 'எல்ஃப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உறவு. 17ஆம் நூற்றாண்டில் 'ஓஃப்' என்றால், தேவதைகள் மனிதப் பிள்ளையைத் திருடிக்கொண்டு அதன் தொட்டிலில் போட்டுவிட்டுப் போன தங்கள் பிள்ளை என்று பொருள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியிலும் தேவதைகள் விட்டுச்சென்ற பேதைப் பிள்ளை என்பதுதான் முதற்பொருள். மடையன் என்பது அடுத்துத்தான் வருகிறது. நடை தாமதமான, பேச்சு வராத, கைகால் சொன்னபடி கேட்காத பிள்ளையைப் பார்த்து, இது நம் பிள்ளையே அல்ல என்று ஊர் முடிவுகட்டியதன் தடயம் இது.

அந்த முடிவு வெறும் பேச்சோடு நிற்கவில்லை. மாற்றி வைக்கப்பட்ட பிள்ளையைத் துன்புறுத்தினால் தேவதைகள் அதை எடுத்துக்கொண்டு உண்மையான பிள்ளையைத் திருப்பித் தருவார்கள் என்ற நம்பிக்கை, பிள்ளையை நெருப்பருகே கொண்டுபோகவும், நஞ்சுள்ள ஃபாக்ஸ்குளோவ் செடியின் சாற்றைப் புகட்டவும் மனிதர்களைத் துணியவைத்தது. அயர்லாந்தின் கெர்ரி பகுதியில் 1826இல் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. நிற்கவும் நடக்கவும் பேசவும் இயலாத மைக்கேல் லீஹி என்ற சிறுவனை, உள்ளே புகுந்த தேவதையை விரட்டுவதாக நம்பி, ஆன் ரோச் என்ற மூதாட்டி ஃப்ளெஸ்க் ஆற்றில் முக்கியதில் அவன் இறந்துபோனான். கொல்லும் எண்ணமில்லை, குணப்படுத்தவே செய்தோம் என்பதுதான் சொல்லப்பட்ட விளக்கம். டிராலி நீதிமன்றத்தின் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் எண்ணவில்லை. உண்மையாகவே நம்பினார் என்பதுதான் இன்னும் கொடுமையாக இருக்கிறது.

பள்ளிப் பருவப் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு உடலசைவுகளை ஒருங்கிணைப்பதில் வளர்ச்சிசார்ந்த சிக்கல் இருப்பதாக இன்றைய மருத்துவம் சொல்கிறது. பிரிட்டனில் இதைப் பரவலாக டிஸ்பிராக்சியா என்பார்கள். அப்படிப்பட்ட ஒரு பிள்ளை சட்டைப் பொத்தான் போடுவதை அருகிலிருந்து பார்த்தால் புரியும். பொத்தான் துளையின் விளிம்புவரை வந்து வழுக்கும், விரல் இறுகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் மற்ற பிள்ளைகள் ஷூ லேஸையும் கட்டி முடித்திருப்பார்கள். சோம்பலோ அசட்டையோ இதற்குக் காரணமல்ல, அறிவுக்குறைவும் இதற்குப் பொருளல்ல. மூளை போடுகிற திட்டத்தைக் கைகள் நிறைவேற்றுவதில் உள்ள தடங்கல் அது.

இந்தப் பிள்ளையைத்தான் அன்று தேவதையின் பிள்ளை என்றார்கள். மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகள் இச்சொல்லுக்கு 'அசடன், தடுமாறுபவன்' என்ற அளவில் பொருள் தந்து நிறுத்திக்கொள்ளாமல், ஜான்சன் முதலில் எழுதிய அந்தப் பொருளையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். ஆசிரியர்களும் இதைக் கற்பிக்கும்போது அந்த ஒரு வரிக்காக வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.