புது ரூட்டர் வாங்கும் முன் கேபிளில் சோதியுங்கள்
வீட்டு இணைய இணைப்பு அடிக்கடி அறுந்தால் உடனே ரூட்டரை மாற்றச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அதற்கு முன் லேப்டாப்பைக் கேபிள் வழியாக ரூட்டரோடு இணைத்துப் பாருங்கள். கேபிளிலும் அறுந்தால் கோளாறு மோடத்திலோ (வெளி லைனை ரூட்டரோடு இணைக்கும் பெட்டி) வெளியிலிருந்து வரும் லைனிலோ இருக்கலாம். வைஃபை மட்டும் தடுமாறினால், ரூட்டர் செட்டிங்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் சேனலை (அதற்குள் இருக்கும் சிறு பாதை) 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாது.

அப்படியும் சரியாகவில்லையா, அப்புறம் தாராளமாக மாற்றலாம். ஆனால் ஆன்டெனா எண்ணிக்கையையும் பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் பார்த்து மயங்காதீர்கள். அந்த வேகம் பெரும்பாலும் எல்லா அலைவரிசைகளின் உச்சத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு. வைஃபை 6 (வைஃபையின் ஒரு தலைமுறை), டபிள்யூபிஏ3 (வைஃபைக்கான பாதுகாப்பு முறை) இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். ரூட்டர் நிறுவனம் எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தரும் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கட்டுரை அதைத் தொடாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.