டர்ன்பெரி: ஓடுதளத்தின் மேல் வளர்ந்த புல்

பழைய கோல்ஃப் மைதானம் எதையாவது திருத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தாலே, "முதலில் இருந்தபடியே விட்டுவிடுங்கள்" என்ற குரல் எழுகிறது. அப்படிச் சொல்பவர்கள் ஸ்காட்லாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் உள்ள டர்ன்பெரியின் வரலாற்றை அறிந்துகொண்டு பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1901இல் வில்லி ஃபெர்னி அமைத்த மைதானம் அது. ரயில் கம்பெனி 1906இல் பக்கத்திலேயே ஓட்டலையும் திறந்தது. முதல் உலகப் போரில் அந்த இடம் விமானப் படையின் பயிற்சிக் களமாயிற்று. இரண்டாம் போரிலோ, காற்றும் கடலும் காலங்காலமாகக் குவித்து வைத்த மணல் மேடுகளைச் சமப்படுத்தி, அவற்றின் மேல் கான்கிரீட் ஓடுதளங்களைப் போட்டார்கள். அந்த ஓடுதளங்களின் எச்சங்களை இன்றும் அங்கே பார்க்கலாம்.

போருக்குப் பின் வந்த மைதான வடிவமைப்பாளர் பிலிப் மெக்கன்சி ராஸ், ஒவ்வொரு கிரீனுக்கும் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பிளாஸ்டிசின் எனும் களிமண் போன்ற பொருளில் மாதிரி செய்து பார்த்து, மண் கொட்டி, மேடு பள்ளங்களை மீண்டும் உருவாக்கி, புல் வளர்த்தெடுத்தார். 1951இல் மைதானம் திறக்கப்பட்டது. கோல்ஃபின் பெரும் போட்டிகளில் ஒன்றான பிரிட்டிஷ் ஓப்பன் 1977இல் அங்கே நடந்தபோது, டாம் வாட்சன் பந்தை 268 முறை அடித்தும் ஜாக் நிக்லஸ் 269 முறை அடித்தும் முடித்தார்கள்; குறைவாக அடித்தவருக்கே வெற்றி. மூன்றாமவர் நிக்லஸுக்கும் பத்து அடிகள் பின்தங்கியிருந்தார். கோல்ஃப் ரசிகர்கள் இன்றும் நெஞ்சில் வைத்திருக்கும் அந்த ஆட்டம் நடந்தது ஃபெர்னியின் தரையில் அல்ல, ராஸ் மீட்டெடுத்த தரையில். அப்படியிருக்க, "முதல் வடிவம்" என்று எதைக் காப்பாற்றுவது?

அதனால்தான் 2016இல் வடிவமைப்பாளர் மார்ட்டின் ஈபர்ட் ஒன்பதாம் குழியை மாற்றியதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். முன்பு கடலுக்குள் நீண்ட பாறை மேல் நின்று பந்தை அடித்தால், அது விழும் புல்தரை மாட்டின் முதுகைப் போலிருக்கும். நேராக அடித்த பந்தும் ஓரத்துக்குச் சரிந்து ஓடிவிடும். நல்ல அடிக்கு அது நியாயமான பலனாக எனக்கு ஒருபோதும் பட்டதில்லை. இப்போது அது பார் 3, அதாவது மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குழி. கடல்நீரைத் தாண்டி, 1873இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை நோக்கியே அடிக்க வேண்டும். இத்தனை காலம் பக்கத்துக் காட்சியாக நின்ற கலங்கரை விளக்கம் ஆட்டத்துக்குள் வந்துவிட்டது.

ஆனால் ஒன்றை மட்டும் யாரும் தொடக் கூடாது. பன்னிரண்டாம் கிரீனுக்கு அருகே, மேட்டின் மேல், அங்கே பயிற்சி பெற்று உயிர்நீத்த விமானப் படையினருக்கான நினைவுச்சின்னம் நிற்கிறது. இனி வரும் வடிவமைப்பாளர் கிரீனை எங்கே நகர்த்தினாலும், பந்தைக் குழியில் தள்ளக் குனிபவர் நிமிரும்போது அந்தக் கல் கண்ணில் பட வேண்டும்.