ஒலிப்பதிவில் கேட்ட என் குரல்

ஆய்வேட்டுக்கான களப்பணிக்குக் கிளம்பும்போது கேள்விப் பட்டியலும் கால அட்டவணையும் பக்காவாகத் தயாராக இருந்தன. முதல் வாரத்திலேயே எல்லாம் கலைந்துபோனது. அது சரி, களத்துக்குப் போன எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கு உறைத்தது வேறொன்று.

திரும்பி வந்து ஒலிப்பதிவுகளை எழுத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா, தன் அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதைச் சொல்ல ஆரம்பித்து, சட்டென்று நிறுத்துகிறார். இரண்டு நொடிகூட ஆகவில்லை. "சரிங்கம்மா, அப்புறம் நிலம் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்கிறது என் குரல். அவரும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். அண்ணன் பேச்சு அதன்பிறகு வரவே இல்லை. நான் ஆராயப் போனதே உறவுமுறைகளைத்தான்.

அன்று இரவு மானிடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோவை நினைத்துக்கொண்டேன். பிலிப்பைன்ஸின் இலொங்கோட் மக்களிடையே 1960களின் பிற்பகுதியில் களப்பணி செய்தவர். முன்பு ஏன் மனிதத் தலைகளை வெட்டினீர்கள் என்று கேட்டபோது, துக்கத்தில் மூளும் ஆத்திரம்தான் காரணம் என்றார்கள் அங்கிருந்த பெரியவர்கள். அவருக்கு அது போதவில்லை. அதற்கு அடியில் வேறு ஆழமான விளக்கம் இருக்கும் என்று வருடக்கணக்கில் தேடினார். 1981இல் அதே நாட்டில் களப்பணியில் இருந்தபோது அவருடைய மனைவி, அவரும் மானிடவியலாளரான மிஷெல் ரொசால்டோ, செங்குத்தான சரிவில் விழுந்து இறந்துபோனார். துக்கத்தோடு தனக்குள்ளும் ஆத்திரம் பொங்கியதை உணர்ந்த பிறகுதான், அந்தப் பெரியவர்கள் சொன்னதே முழுப் பதில் என்பது அவருக்குப் பிடிபட்டது. அதை அவர் மறைக்காமல் எழுதினார்.

இழப்பு வந்தால்தான் புரியும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வாளரின் வயது, அனுபவம், அவசரம் எல்லாம் காதில் விழுவதைத் தீர்மானிக்கின்றன என்றால், அவையும் தரவில் சேர்த்திதான். ஆனால் நம் ஆய்வேடுகளின் முறையியல் இயலைப் படித்துப் பாருங்கள். எத்தனை பேரிடம், எத்தனை மாதம், என்ன கருவி என்பதோடு முடிந்துவிடும். தடுமாறிய நாள் எதுவும் இருக்காது. களப்பணி முறைக்கு முன்னோடியான மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியின் கள நாட்குறிப்பு அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து, 1967இல்தான் அச்சேறியது. அதிலிருந்த எரிச்சலும் வெறுப்பும் அவர் எழுதிய நூல்களில் இல்லை.

இதெல்லாம் சுயபுராணம் ஆகிவிடாதா என்று நெறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. என் தனிமையும் வயிற்றுவலியும் யாருக்கும் தேவையில்லை. கிடைத்த பதிலை மாற்றியது எதுவோ, அதை மட்டும் எழுதினால் போதும். அந்த மௌனத்தையும் என் கேள்வியையும் ஒலிப்பதிவில் உள்ளபடியே ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறேன். அதை வெளியிடலாமா என்று அந்த அம்மாவிடம் முதலில் கேட்க வேண்டும். அடுத்த மாதம் போகிறேன்.