முதுகெலும்புக்குப் பரவினாலும் வழி இருக்கிறது

"சிறுநீரகப் புற்றுநோய் கதிர்வீச்சுக்கு அடங்காது, முதுகெலும்புக்குப் பரவினால் ஆபரேஷனும் வீண்" என்று சிலர் சொல்வது சரியல்ல. தினமும் சிறு டோஸ் கொடுக்கும் பழைய முறைக்கு இது அவ்வளவாக அடங்காது, உண்மைதான். ஆனால் குறிவைத்து, சில தவணைகளிலேயே அதிக டோஸ் கொடுக்கும் எஸ்பிஆர்டி (SBRT) என்ற கதிர்வீச்சு முறை நன்றாகவே கட்டுப்படுத்துகிறது. கட்டி தண்டுவடத்தை ஒட்டியிருந்தால் அந்த டோஸ் ஆபத்து. அதனால்தான் முதலில் அறுவை சிகிச்சை: கட்டி முழுவதையும் எடுக்க அல்ல, கட்டிக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி உண்டாக்க. ஆட்டம் கண்ட எலும்பை ஸ்க்ரூ வைத்து நிறுத்துவதும் அப்போதே.

2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பலவகைப் புற்றுநோயால் தண்டுவடம் அழுத்தப்பட்டவர்களில், கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் 57 சதவீதம் பேரும், அறுவையும் சேர்த்துப் பெற்றோரில் 84 சதவீதம் பேரும் நடக்க முடிந்தது. எல்லா நோயாளிக்கும் அறுவை ஏற்றதல்ல. ஆனால் தயவுசெய்து, கால் பலவீனமானால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.