ஸ்லோவேனியா: பச்சைப் படமும் பழுப்பு நிலக்கரியும்

ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரிப் படம் வாரத்துக்கு ஒருமுறையாவது என் சமூக ஊடகச் சுவரில் வந்துவிடுகிறது. நடுவில் குட்டித் தீவு, அதன்மேல் ஒரு தேவாலயம், பின்னால் ஆல்ப்ஸ் மலை. இப்படி ஒரு நாட்டில் பிறந்திருக்கக் கூடாதா என்ற பெருமூச்சும் கூடவே வரும். படத்தில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குக் கீழே ஓடும் கருத்துகளில் ஒன்று எனக்கு எப்போதும் உறுத்தும்: காட்டைக் காப்பாற்றிய நாடு, ஆகவே அவர்களுக்குக் கார்பன் பிரச்சினையே கிடையாது என்பது. ஸ்லோவேனியாவைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்கள்கூட இதைச் சொல்லமாட்டார்கள். இயற்கையைக் காப்பதில் ஐரோப்பாவிலேயே முன்வரிசையில் இருக்கும் அந்த நாடு, புகையைக் குறைப்பதில் ஆண்டுக்கணக்கில் தடுமாறியது. இரண்டும் வேறு வேறு வேலை. சில நேரம் ஒன்று இன்னொன்றின் காலை வாரியும் விடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகை 21 லட்சம்தான். நிலத்தில் பாதிக்கும் மேல் காடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நத்தூரா 2000 பாதுகாப்புப் பட்டியலில் நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நிலம் இருக்கிறது. ஒன்றியத்தில் வேறெந்த நாடும் இந்த விகிதத்தை எட்டவில்லை. திரிக்லாவ் மலையின் ஏரிப் பள்ளத்தாக்கை 1924-லேயே பாதுகாப்பிடமாக அறிவித்துவிட்டார்கள். அதுதான் பிறகு விரிந்து இன்றைய தேசியப் பூங்கா ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலிருந்தே காட்டை மொத்தமாக மொட்டையடித்து வெட்ட அங்கே தடை. மரத்தைத் தேர்ந்து தேர்ந்துதான் வெட்டவேண்டும். காடு மிஞ்சியதற்கும், அதில் சுமார் ஆயிரம் பழுப்புக் கரடிகள் இன்னும் உலவுவதற்கும் அது முக்கியமான காரணம்.

மண்ணுக்கு மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பது இன்னும் விசேஷம். நாட்டின் தென்மேற்கு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் பாறையைக் கரைத்துக் கரைத்துக் குகைகளாகக் குடைந்து வைத்திருக்கிறது. ஷ்கோத்சியான் குகைகள் 1986-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. செர்க்னிட்சா என்று ஓர் ஏரி உண்டு. மழைக்காலத்தில் பல சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும், வறண்ட மாதங்களில் தரையிலுள்ள துளைகள் வழியாக இறங்கிக் காணாமல் போய்விடும். மீன் பிடித்த இடத்தில் புல் அறுப்பார்கள். குகை நீரில் புரோத்தியஸ் என்ற உயிரி வாழ்கிறது. கண் தெரியாது, தோல் வெளிறிய இளஞ்சிவப்பு, பார்வைக்குச் சின்னப் பாம்புக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். உணவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தாங்கும். வெள்ளத்தில் இவை வெளியே அடித்து வரப்படும்போது டிராகன் குட்டிகள் என்று ஊரார் நம்பியதை வல்வசோர் என்ற அறிஞர் 1689-லேயே எழுதி வைத்திருக்கிறார். 2016-இல் போஸ்தொய்னா குகையின் காட்சித்தொட்டியில் இதன் முட்டைகள் பொரிந்தபோது நாடே அதைச் செய்தியாகக் கொண்டாடியது. எனக்கு அந்தக் கொண்டாட்டம் ரொம்பப் பிடித்திருந்தது.

தண்ணீர் விஷயத்தில் அவர்கள் இன்னும் பிடிவாதம். 2016 நவம்பரில் குடிநீர் உரிமையை அரசியலமைப்பில் எழுதினார்கள். தண்ணீரை விற்பனைச் சரக்கு ஆக்கக்கூடாது என்பது அதன் சாரம். நாடாளுமன்றத்தில் ஆதரவாக 64 வாக்குகள், எதிராக ஒன்றுகூட இல்லை. 2021-இல் கரையோரங்களில் கட்டடங்களுக்கு வழி திறந்துவிடும் என்று பலரும் அஞ்சிய ஒரு நீர்ச்சட்டத் திருத்தத்தை அரசு கொண்டுவந்தது. மக்கள் வாக்கெடுப்புக்கு இழுத்து, வாக்களித்தவர்களில் 86 விழுக்காட்டுக்கும் மேல் எதிர்த்துப் போட்டு அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

சரி, இப்போது புகைக்கு வருவோம்.

நாட்டின் வடக்கே ஷோஷ்தான் என்ற ஊரில் ஓர் அனல்மின் நிலையம் இருக்கிறது. அங்கே எரிவது பழுப்பு நிலக்கரி, நெய்வேலியால் நமக்குப் பழகிய அதே வகை. பக்கத்து வெலென்யே சுரங்கம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தோண்டப்படுகிறது. தோண்டத் தோண்ட மேல்நிலம் உள்வாங்கி, பள்ளங்களில் நீர் சேர்ந்து மூன்று ஏரிகள் உருவாகிவிட்டன. துருஷ்மீர்யே என்ற ஊர் இப்படித்தான் போயிற்று. இன்று அந்த ஏரிகளைப் படம் எடுத்துப் போட்டால் பிளெட் ஏரிக்குக் கிடைக்கும் அதே பெருமூச்சு இதற்கும் கிடைக்கும். வெலென்யே ஏரியில் இப்போது கடற்கரை மாதிரி மணல் போட்டுக் குளிக்கிறார்கள். ஆனால் மின்நிலையச் சாம்பல் கலந்த நீர் அதில் விடப்பட்ட காலத்தில், காரம் ஏறி ஏரியில் உயிரினமே இல்லை என்ற நிலை. சாம்பல் நீரை ஏரியில் விடாமல் சுற்றிலேயே திருப்பிப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் மீன் திரும்பியது. கந்தகப் புகையால் சுற்றியிருந்த காடும் வாடியது. அதற்கும் கருவி பொருத்திய பிறகுதான் விமோசனம். ஏரியும் காடும் தேறிவிட்டன என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, மீனையும் கொல்லாது. அதற்காகக் கொடி பிடித்தவர்கள் குறைவு.

அதனால்தான் அடுத்த கூத்து நடந்தது. ஐரோப்பா நிலக்கரியை விட்டு விலகப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஷோஷ்தானில் ஆறாவது அலகு ஒன்றைப் புதிதாகக் கட்டினார்கள். 600 மெகாவாட். ஆரம்ப மதிப்பீட்டைப் போல இரண்டு மடங்கைத் தாண்டி, 140 கோடி யூரோ அளவுக்குச் செலவு ஏறியது. கடனுக்கு அரசே உத்தரவாதம். ஊழல் விசாரணைகள் தனிக் கதை. பழைய அலகுகளைவிட இது குறைவான புகையில் அதிக மின்சாரம் தரும் என்பதுதான் அப்போது சொன்ன நியாயம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு என்று பார்த்தால் அது உண்மையும்கூட. ஆனால் பல பத்தாண்டு ஓடினால்தான் முதல் தேறும் என்ற கணக்கில் ஒன்றைக் கட்டிவிட்டு, அதைச் சீக்கிரம் மூடு என்று யாரிடம் சொல்வது? 2022 ஜனவரியில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது: 2033-க்குள் நிலக்கரிக்கு விடை. இதற்கிடையில் ஐரோப்பியக் கார்பன் சந்தையில், புகை விடும் ஆலைகள் காசு கொடுத்து வாங்கவேண்டிய உமிழ்வு அனுமதியின் விலை ஏறி, அந்த நிலையத்தை ஓட்டுவதே நட்டமாகிவிட்டது. காட்டை நேசிக்கும் மனசு செய்யாததைக் கார்பன் விலை செய்தது. எனக்குச் சந்தைமேல் பெரிய காதல் கிடையாது, ஆனாலும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெலென்யே மக்களுக்குக் குளிர்காலத்தில் வீட்டுக்குச் சூடு வருவதும் அதே நிலையத்திலிருந்துதான். அங்கே போய் நாளைக்கே இழுத்து மூடு என்று நின்றால் அடி விழும்.

த்ர்போவ்லியே ஊரிலும் ஒரு நிலக்கரி நிலையம் இருந்தது. பள்ளத்தாக்கு ரொம்பக் குறுகல், புகை மலையைத் தாண்டிப் போகவேண்டும் என்பதற்காக 1976-இல் 360 மீட்டர் உயரத்தில் புகைபோக்கி எழுப்பினார்கள். ஐரோப்பாவிலேயே உயரமானது. 2014-இல் அந்த நிலையம் மூடப்பட்டது. 2020-இல் பாறையேற்ற வீராங்கனை யான்யா கார்ன்பிரெத்தும் வீரர் டொமென் ஷ்கோஃபிட்சும் அந்தப் புகைபோக்கியின் வெளிச்சுவரில் பிடிகள் பொருத்தி உச்சிவரை ஏறினார்கள். வேலை போன சுரங்க ஊருக்கு அது ஈடாகாது, இருந்தாலும் பார்க்க அருமையான காட்சி.

மின்சாரத்தைவிடப் பெரிய தலைவலி சாலை. தலைநகர் லியூப்லியானாவின் நகரமையத்தை 2007 முதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்களுக்கு மூடினார்கள். 2016-இல் ஐரோப்பியப் பசுமைத் தலைநகர் என்ற பட்டமும் வாங்கினார்கள். நியாயமான பட்டம்தான். ஆனால் நகரத்துக்கு வெளியே போனால் நெடுஞ்சாலையில் இத்தாலிக்கும் ஹங்கேரிக்கும் நடுவே ஓடும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். 1990-ஐ வைத்துப் பார்த்தால் போக்குவரத்துப் புகை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. கோப்பர் துறைமுகத்திலிருந்து சரக்கை ரயிலில் ஏற்ற 27 கிலோமீட்டர் புதுப் பாதையில் இறங்கியதே வெகு தாமதமாகத்தான். அதில் பெரும்பகுதி சுரங்கப்பாதை. சுண்ணாம்புப் பாறையைத் துளைத்தால் என்ன ஆகும்? அதுவரை யாரும் பார்த்திராத குகைகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. புகையைக் குறைக்கும் வேலை இயற்கைச் சொத்தின் நடுவே புகுந்து போவதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

என் கவலையே இதுதான். நிலக்கரியை நிறுத்த வேண்டிய அவசரத்தில் அடுத்த பலி ஆறாக இருந்துவிடக்கூடாது. சோச்சா ஆற்றை 1976-லேயே தனிச் சட்டம் போட்டு அணைகளிலிருந்து காப்பாற்றினார்கள். மூரா ஆற்றின் நீர்மின் திட்டம் 2019-இல் கைவிடப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து ஐந்து நாடுகளில் பரவிய உயிர்க்கோளக் காப்பகத்தில் அந்த ஆறு சேர்ந்தது. சாவா ஆற்றில் மொக்ரிட்சே அணை விவகாரமோ ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறி இறங்குகிறது. அணை வேண்டும் என்பவர்கள் கார்பன் கணக்கைக் காட்டுகிறார்கள், வேண்டாம் என்பவர்கள் மீனைக் காட்டுகிறார்கள். நான் மீன் பக்கம். ஏற்கெனவே பல அணை கண்ட ஆற்றில் மிச்சமிருக்கும் ஓடும் நீரையும் தேக்குவதால் கிடைப்பது கொஞ்சம் மின்சாரம், போவது திரும்ப வராது. காற்றாலையிலும் இதே இழுபறிதான். பறவை ஆர்வலர்களின் எதிர்ப்பில் வோலொவ்யா ரேபெர் மலைத்தொடர்த் திட்டம் நின்றுபோனது. நாட்டில் பெரிய காற்றாலைகளை இன்றும் விரல்விட்டு எண்ணிவிடலாம். இதில் நான் அவ்வளவு உறுதியாக ஒரு பக்கம் நிற்கமாட்டேன். கழுகு பறக்கும் மலைமுகட்டில் வேண்டாம், சரி. நெடுஞ்சாலை ஓரத்திலும் வேண்டாம் என்றால் எங்கேதான் வைப்பது?

காடு எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் என்று சொல்பவர்கள் 2014-ஐ நினைவில் வைக்கவேண்டும். அந்தக் குளிர்காலத்தின் உறைமழையில் மரங்கள் பனிக்கட்டி சுமந்து முறிந்தன. நாட்டுக் காட்டில் ஏறக்குறைய பாதியில் சேதம். விழுந்த மரங்களில் பட்டை வண்டு பெருகி, நின்ற மரங்களையும் தின்றது. 2022 ஜூலையில் தென்மேற்கின் சுண்ணாம்புப் பாறைப் பகுதியான கார்ஸ்ட் பீடபூமி எரிந்தபோது, முதல் உலகப் போரில் மண்ணில் புதைந்த குண்டுகள் வெப்பத்தில் வெடித்துத் தீயணைப்பு வீரர்களை விரட்டின. 2023 ஆகஸ்ட் வெள்ளம் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டது. திரிக்லாவ் பனியாறு அரை ஹெக்டேர்கூடத் தேறாத பனித்துண்டாகிவிட்டது. இத்தனைக்கும் மேல் காட்டின் தலையில் நாட்டின் புகைக்கணக்கையும் ஏற்றி வைப்பது அநியாயம்.

மிஞ்சுவது அணு. க்ர்ஷ்கோ நிலையம் 1980-களிலிருந்து ஓடுகிறது, மின்சாரத்தில் பாதி குரோவேஷியாவுக்கு. இரண்டாவது உலை கட்டலாமா என்று 2024 நவம்பரில் மக்களிடம் கேட்பதாக இருந்து, கடைசி நேரத்தில் வாக்கெடுப்பை ரத்து செய்துவிட்டார்கள். உலைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஷோஷ்தானில் நடந்ததைப் பார்த்த பிறகு, முழுச் செலவையும் கடன் யார் தலையில் என்பதையும் மேசையில் வைக்காமல் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்க விடக்கூடாது. தண்ணீருக்காக வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் இதற்கும் வருவார்கள். கேட்கத்தான் ஆட்சியாளர்களுக்குத் துணிச்சல் வேண்டும்.