அந்த ட்வின் ஆட்டர் வீடியோ பற்றி, கடைசியாக ஒருமுறை

நேபாள மலைகளில் பறக்கும் ட்வின் ஆட்டர் என்ற சின்ன இரட்டை இன்ஜின் விமானத்தை ஒருவர் திட்டித் தீர்க்கும் அந்த வீடியோவை மூன்று நாளாக ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். இரண்டு தடவை பார்த்துவிட்டேன். சிவப்பு எழுத்தில் ‘பறக்கும் சவப்பெட்டி’ என்று போட்டு, சங்கு ஊதாத குறையாக ஒரு பின்னணி இசை. எல்லாம் சரி, தம்ப்நெயிலில் இருப்பது ட்வின் ஆட்டரே கிடையாது, தெரியுமா? அது 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில் விழுந்த ஏடிஆர் 72 என்ற வேறு பெரிய விமானம். அந்த விபத்தில் இறந்தவர்கள் 72 பேர். ட்வின் ஆட்டரில் மொத்தமே 19 பயணிகள்தான் உட்கார முடியும். எந்த விமானத்தைத் திட்டுகிறோம் என்று கூடப் பார்க்காமல் பன்னிரண்டு நிமிஷம் திட்டியிருக்கிறார். அதை நீங்களும் ஃபார்வர்டு செய்கிறீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். விழுந்தது ட்வின் ஆட்டர். விழ வைத்தது ட்வின் ஆட்டர் இல்லை.

“பழைய டப்பா விமானம், அதான் விழுது” என்பது வீடியோவின் முக்கால்வாசி. 2022 மே 29 அன்று பொக்காராவிலிருந்து ஜோம்சோம் என்ற மலை ஊருக்குக் கிளம்பிய, தாரா ஏர் என்ற நேபாள நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் மலையில் மோதி 22 பேர் இறந்தார்கள். அந்த விமானம் 1979இல் செய்தது, 43 வயசு. சரி, ஒப்புக்கொள்கிறேன், பழசு. ஆனால் 2016 பிப்ரவரி 24ஐப் பற்றி ஏன் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை? அதே நிறுவனம், அதே பொக்காரா–ஜோம்சோம் தடம், அதே மாதிரி மேகத்துக்குள் போய் மலையில் மோதி 23 பேர். அந்த விமானத்துக்கு என்ன வயசு? நேபாளத்துக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. புத்தம் புதுசு. 43 வயசுக் கிழமும் போகிறது, கைக்குழந்தையும் அதே வழியில் அதே மாதிரி போகிறது என்றால், கோளாறு வயசிலா இருக்கிறது?

2022 விபத்தின் விசாரணை அறிக்கை என்ன சொன்னது? மேகத்துக்குள் மாட்டிக்கொண்ட விமானிகள் சரியான பாதையில்தான் போகிறோமா என்று கவனிக்கத் தவறினார்கள், அதோடு முன்னால் மலை இருக்கிறது என்று எச்சரிக்கும் கருவி செயலிழக்க வைக்கப்பட்டிருந்தது. பள்ளத்தாக்குக்குள் இரண்டு பக்கமும் மலையை வைத்துக்கொண்டு பறக்கும்போது அந்தக் கருவி ஓயாமல் கத்தும், காது வலிக்கும். அதற்காக வாயை மூடிவிட்டால் நிஜமாகவே கத்த வேண்டிய நேரத்தில் யார் கத்துவது? இறக்கை உடைந்ததா, இன்ஜின் நின்றதா? விழ வைத்தது ட்வின் ஆட்டர் இல்லை.

இந்த விமானத்தின் கதை தெரிந்துதான் பேசுகிறார்களா என்றும் தெரியவில்லை. 1965 மே 20 அன்று கனடாவில் முதலில் பறந்தது. டி ஹாவிலண்ட் கனடா நிறுவனத்தின் பழைய ஒற்றை இன்ஜின் ஆட்டரை நீட்டி, டர்பைனால் ப்ரொப்பல்லரைச் சுற்றும் ‘டர்போப்ராப்’ வகை பிடி6 இன்ஜின் இரண்டை மாட்டினார்கள். சக்கரம் உள்ளே மடங்காது. கேபினுக்குள் அழுத்தம் ஏற்றும் வசதி கிடையாது. கழிப்பறையும் கிடையாது. அழகும் கிடையாது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் இறக்கையின் பின் விளிம்பு முழுக்க இறங்கி, ஆமை வேகத்திலும் காற்றில் நிற்கும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதவை மாட்டினால் மாலத்தீவின் கடலில் இறங்கும், சறுக்குக்கட்டை மாட்டினால் பனியில் இறங்கும். கரீபியனில் சாபா தீவின் ஓடுதளம் வெறும் 400 மீட்டர், அங்கேயும் இறங்குகிறது. ஸ்காட்லாந்தின் பாரா தீவில் கடல் உள்வாங்கிய பிறகு மணலிலேயே இறங்குகிறது. 2001 ஏப்ரலில் தென் துருவத்தில் ஒரு மருத்துவர் உடல்நிலை மோசமாகிக் கிடந்தபோது, அந்த இருட்டில், மைனஸ் 60க்கும் கீழான குளிரில் போய் அவரைத் தூக்கி வந்தது இந்தச் ‘சவப்பெட்டி’தான்.

844 விமானம் செய்த பிறகு 1988இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். வைக்கிங் ஏர் என்ற இன்னொரு கனடா நிறுவனம் 2006இல் உரிமையை வாங்கி, 2010இலிருந்து புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. சவப்பெட்டி அச்சை இருபது வருஷம் கழித்துத் தூசி தட்டி எடுப்பவன் எவனாவது உண்டா?

உடனே வந்துவிடுவீர்கள், “அப்போ நேபாளத்தில் மட்டும் ஏன் இத்தனை விபத்து?” என்று. 2008 அக்டோபரில் லுக்லாவில் 18 பேர், 2014 பிப்ரவரியில் ஜும்லா போன விமானத்தில் 18 பேர், தெரியும், எனக்கும் எண்ணத் தெரியும். லுக்லாவில் மூடுபனி, ஜும்லா போகும் வழியிலும் மோசமான வானிலை. அந்த ஓடுதளங்களில் இறங்கத் துணிந்தவை இந்த மாதிரிச் சின்ன விமானங்கள் மட்டும்தான். ஆம்புலன்ஸில் நிறைய பேர் இறக்கிறார்கள் என்று ஆம்புலன்ஸ் மேல் வழக்குப் போடுவீர்களா?

ஒருவர் கமெண்டில் மோரேயா தீவு விபத்தை இழுத்தார். நியாயம்தான். 2007 ஆகஸ்டில் தாஹித்தி பக்கத்தில் ட்வின் ஆட்டர் கிளம்பின கொஞ்ச நேரத்தில் கடலில் விழுந்து 20 பேர் இறந்தார்கள். வால் பக்கத்துக் கட்டுப்பாட்டுக் கேபிள் தேய்ந்து அறுந்துவிட்டது. அது எந்திரக் கோளாறு, மறுக்கவில்லை. ஆனால் தேய்கிற கேபிளைப் பார்க்க வேண்டியது யார் வேலை? சரி, விடுங்கள்.

மிட்சுபிஷியின் எம்யூ-2 என்று இன்னொரு இரட்டை டர்போப்ராப் உண்டு. அமெரிக்காவில் அதற்குக் கெட்ட பெயர் என்றால் அப்படி ஒரு கெட்ட பெயர். 2008இல் அதை ஓட்டுபவர்களுக்குத் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். விபத்துகள் சட்டென்று குறைந்தன. விமானம் அதே விமானம்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன், வராமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்கு, ஜோம்சோம் வழியாகப் போகிற முக்திநாத் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பல வருஷ ஆசை. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், ஒரு தடவை பார்த்தால் போதும் என்பாள். பொக்காராவில் இரண்டு நாள் காலையில் போய்க் காத்திருந்தோம், இரண்டு நாளும் விமானம் ரத்து. ஜோம்சோமில் முற்பகலுக்கு மேல் காற்று பேயாட்டம் ஆடும், அதனால் காலையில் விட்டால் அவ்வளவுதான். இரண்டாம் நாள் எங்கள் கூட்டமே கவுண்டரில் சண்டை போட்டது. நானும்தான். “அந்தக் கம்பெனிக்காரன் போறான், நீங்க ஏன் போகல?” என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன். அந்தப் பையன் பதில் சொல்லாமல் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினான். மலை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்தது.

மூன்றாம் நாள் போனோம். பணிப்பெண் தட்டில் காதுக்குப் பஞ்சும் ஒரு மிட்டாயும் கொண்டுவந்தாள். அம்மா பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினாள். எங்கள் இடத்திலிருந்தே விமானிகள் இருவரின் முதுகும் தெரிந்தது. ட்வின் ஆட்டரில் இன்ஜின் லீவர்கள் கூரையில் தொங்கும். கிளம்பும்போது விமானியின் கை மேலே போனதைப் பார்த்து, “யாருடா அவர், கும்பிடுறாரா?” என்று அம்மா கேட்டாள். இடது பக்கம் தவளகிரி, வலது பக்கம் அன்னபூர்ணா, நடுவில் நாங்கள். இருபது நிமிஷம்.

அன்றைக்கு நான் தட்டிய மேஜைதான் இப்போது உறுத்துகிறது. நான் தட்டின மாதிரி தினமும் எத்தனை பேர் தட்டுவார்கள்? எத்தனை விமானிகள் ‘சரி, போய்ப் பார்ப்போம்’ என்று கிளம்பியிருப்பார்கள்? அதைக் கண்காணிக்க வேண்டிய நேபாள விமானப் போக்குவரத்து ஆணையம்தான் அங்கே விமான நிலையங்களையும் நடத்துகிறது. பரீட்சை எழுதுவதும் அவர்களே, பேப்பர் திருத்துவதும் அவர்களே. ஐரோப்பிய ஒன்றியம் 2013 டிசம்பரில் நேபாள விமான நிறுவனங்கள் அத்தனைக்கும் சேர்த்துத் தடை போட்டது, ஒரு விமான மாடலுக்கு மட்டும் இல்லை. இதையெல்லாம் பேசினால் வியூஸ் வராது போலிருக்கிறது.

“கம்பெனிக்காரன் காசு குடுத்தானா?” என்று கேட்டவர்களுக்கு: இல்லை. கொடுத்தால் சொல்கிறேன். “செத்தவங்க குடும்பத்துகிட்ட போய் இதைச் சொல்லுவியா?” என்றால், ஆமாம், முதலில் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். பழியை விமானத்தின் மேல் போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டால், அந்தத் தடத்தில் நாளைக்கு ஏறுகிறவர்களுக்கு என்ன மிச்சம்?

இவ்வளவுக்கும் நான் பேசாமல்தான் இருந்தேன். நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா பையன் அந்த வீடியோவைப் போட்டு, கீழே எழுதினான்: “பெரியம்மாவ இதுலதான ஏத்திட்டுப் போன? அறிவிருக்கா?” இரண்டு பேர் கட்டை விரல் வேறு காட்டியிருந்தார்கள். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. கடைசி வரைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இருபது நிமிஷத்தைத்தான் சொல்வாள். அவனுக்கும் சொல்லியிருக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான், ஃபோட்டோவை ஃபார்வர்டு செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டும் போனான்.

குரூப்பில் நான் பதில் எழுதவில்லை. அந்த ஃபோட்டோவை மட்டும் திரும்பப் போட்டேன். காதில் பஞ்சோடு சிரிக்கிறாள். இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.